போன கோப்பு போய்ச் சேர்ந்ததா?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

எனக்குக் கொடுத்த நேரம் பதினைந்து நிமிடம். கொடுத்த தலைப்பு, 'கட்டளை எழுதி ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கோப்பு அனுப்புவது எப்படி?' என்பது. தலைப்பை அறிவித்ததுமே பின்வரிசையில் சிலர், "இது நமக்கு இல்லப்பா" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டதை மேடையிலிருந்து பார்த்தேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இது உங்கள் பெயரைப் பற்றிய பேச்சு. அதோடு, நான் செய்த ஒரு தவற்றைப் பற்றிய பேச்சும்கூட.

சில ஆண்டுகளுக்கு முன் காப்பாரிலிருந்து பஸ் ஏறி ஒரு மூதாட்டி நம் பள்ளிக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் பழைய கடிதங்கள். "டீச்சர், எந்தம்பி இந்தப் பள்ளிக்கூடத்துலதான் ரெண்டு வருஷம் படிச்சான். தலை நரைச்சுப் போச்சு, இன்னும் சிவப்பு ஐ.சி.தான் வச்சிருக்கான். இங்க அவன் பேரு இருந்தா எழுதிக் கொடுங்க டீச்சர்" என்றார்.

காகிதம் இல்லாததால் நம் மக்கள் பட்ட பாடு பெரியவர்களுக்குத் தெரியும். 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது, குடியுரிமைப் பத்திரம் இல்லாத தோட்டத் தொழிலாளர்கள் வேலை பெர்மிட்டுக்காக நிற்க வேண்டியதாயிற்று. பிறந்து வளர்ந்த தோட்டத்தை விட்டுவிட்டு எத்தனையோ குடும்பங்கள் கப்பல் ஏறின. அப்படிப்பட்ட வரலாறு உள்ள நமக்கு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கும் ஒரு வரி சாதாரண வரி இல்லை. இன்ன தகப்பனாருடைய பிள்ளை, இன்ன தேதியில், இன்ன தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்தான் என்று சொல்லும் சாட்சி அது. தோட்டமே வீடமைப்புப் பகுதியாக மாறிப் பெயர் மறைந்துபோன இடங்களில், அந்தத் தோட்டத்தின் பெயரும் அந்த வரியில்தான் மிஞ்சியிருக்கிறது.

அலமாரியைத் திறந்தோம். பதிவேடுகள் இருந்தன. சில பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது. சில பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. அன்று மாலை வரை தேடியும் பெயர் கிடைக்கவில்லை. "பரவால்ல டீச்சர், நான் இன்னொரு நாள் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்று, பதிவேடுகளைக் கணினியில் ஏற்றத் தொடங்கினோம். அவற்றில் இருப்பது குடும்பங்களின் சொந்த விவரம். ஆகவே இணையத்தில் எதையும் போடக் கூடாது, பள்ளிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பு. நூலக அறையில் ஒரு பழைய கணினி, அலுவலகத்தில் ஒன்று. இரண்டிலும் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவர், சைபர்ஜெயாவில் வேலை செய்யும் நம் முன்னாள் மாணவர் ஒருவர். நூலகத்தில் பெற்றோர் இருவரும் நானும் தட்டச்சு செய்வோம். முடிந்ததும் கோப்பின் படி ஒன்று அலுவலகக் கணினிக்குப் போக வேண்டும். அதற்குத்தான் அந்த மாணவர் எனக்குக் கட்டளை எழுதக் கற்றுக்கொடுத்தார்.

"மௌஸைப் பிடிச்சு இழுத்தா எங்க விழுந்துச்சுன்னு சில நேரம் நமக்கே தெரியாது டீச்சர். எழுதிக் கொடுத்தா, எழுதினதுதான் நடக்கும். எழுதினதை நோட்டுல வச்சுக்கலாம், நாளைக்கும் அதையே எழுதலாம்" என்றார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அதில் இருப்பது ஒரு வாக்கியம்தான், மாணவர்களே. 'எஸ், சி, பி' என்ற மூன்று எழுத்து. ஓர் இடைவெளி. பிறகு எந்தக் கோப்பு என்பது. இன்னோர் இடைவெளி. பிறகு எங்கே போக வேண்டும் என்பது. அவ்வளவுதான். முதலில் 'எங்கிருந்து', பிறகு 'எங்கே'.

இந்த 'எங்கிருந்து, எங்கே' என்பதில்தான் நான் விழுந்தேன்.

பள்ளி விடுமுறை காரணமாக மூன்று வாரம் அலுவலகக் கணினிக்குப் படி அனுப்பவில்லை. அந்த மூன்று வாரமும் வேலை மட்டும் நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, அவசரத்தில் நூலகக் கணினியில் உட்கார்ந்து கட்டளையை மாற்றி எழுதிவிட்டேன். நூலகத்திலிருந்து அலுவலகத்துக்கு என்று எழுத வேண்டியதை, அலுவலகத்திலிருந்து நூலகத்துக்கு என்று எழுதினேன். அது "நிச்சயமா?" என்று கேட்கவில்லை. சொன்னதைச் செய்தது. அலுவலகத்தில் இருந்த மூன்று வாரப் பழைய கோப்பு வந்து, அதே பெயரில் இருந்த புதிய கோப்பின் மேல் உட்கார்ந்துகொண்டது. புதியது அழிந்துபோயிற்று.

கிள்ளான் நிலையத்தில் நிற்கிறோம். ஒரு திசையில் ஏறினால் கோலாலம்பூர், மறுதிசையில் ஏறினால் போர்ட் கிள்ளான். தவறாக ஏறிவிட்டால் இறங்கித் திரும்பி வரலாம், டிக்கெட் காசுதான் நஷ்டம். நான் ஏறிய ரயிலுக்குத் திரும்பும் வண்டி இல்லை.

திங்கட்கிழமை அந்த இரண்டு பெற்றோரிடமும் சொன்னேன். ஒருவர் சற்று நேரம் பேசவில்லை. செம்பனை மரத்தடியில் காலையெல்லாம் குலை வெட்டிவிட்டு வந்து, தடித்த விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டியவர் அவர். பிறகு, "புத்தகம் இருக்குல்ல டீச்சர்? மறுபடியும் அடிப்போம்" என்றார். கறையான் மிச்சம் வைத்த காகிதம் இருந்ததால் பிழைத்தோம்.

மாணவர்களே, இந்தக் கட்டளையில் இன்னும் மூன்று இடங்களில் தடுக்கி விழலாம். அவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, முக்காற்புள்ளி. இலக்கண வகுப்பில், "முக்காற்புள்ளி எதுக்கு டீச்சர்?" என்று கேட்பீர்களே, இங்கே வந்து பாருங்கள். மறுகணினியின் பெயரை எழுதி முக்காற்புள்ளி வைத்தால்தான், 'இது வேறொரு கணினி' என்று கட்டளைக்குப் புரியும். வைக்க மறந்தால், அந்தப் பெயரிலேயே உங்கள் கணினிக்குள் இன்னொரு படி எடுத்து வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று சும்மா இருந்துவிடும். அனுப்பிவிட்டோம் என்று நாம் வீட்டுக்குப் போய்விடுவோம். கோப்பு வாசலைக்கூடத் தாண்டியிருக்காது.

இரண்டாவது, முதல் முறை ஒரு கணினியோடு பேசும்போது அது ஒரு நீண்ட அடையாள எழுத்தைக் காட்டி, 'இதை நம்பலாமா?' என்று கேட்கும். படிக்காமல் 'ஆம்' என்று தட்டுகிறவர்களே அதிகம். ஆள் முகம் பார்க்காமல் சம்பள உறையைக் கொடுப்பது போன்றது அது. அந்த எழுத்தை மறுகணினியில் பார்த்து எழுதி வைத்து, ஒப்பிட்ட பிறகே 'ஆம்' சொல்ல வேண்டும்.

மூன்றாவது, கடவுச்சொல். தட்டும்போது திரையில் ஒன்றுமே தெரியாது, புள்ளிகூட வராது. பலர் விசைப்பலகை கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். பின்னால் நிற்பவன் எத்தனை எழுத்து என்றுகூட எண்ணக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

இப்படிக் கணினிக்குக் கணினி கோப்பு அனுப்பும் வழியை யார் வகுத்தார்கள் தெரியுமா? அதற்கு முதல் விதிமுறையை எழுதியவர் ஓர் இந்தியர். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் படித்து, அமெரிக்காவில் எம்.ஐ.டி.க்குப் போன அபய் பூஷண். 1971 ஏப்ரலில் அவர் எழுதிய அறிக்கைதான் 'எஃப்.டி.பி.' என்ற முறையின் தொடக்கம். அந்தக் காலத்துக் கணினிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. ஒன்று கோப்பை வைக்கும் விதம் மற்றதற்குப் புரியாது. எல்லாவற்றுக்கும் பொதுவான பேச்சு வேண்டும் என்று அவர் வகுத்த முறையில், பின்னாளில் கோடிக்கணக்கானோர் 'கெட்' என்று தட்டி எடுத்தார்கள், 'புட்' என்று தட்டி அனுப்பினார்கள்.

அந்த முறையில் இன்னொரு கேள்வியும் உண்டு: கோப்பை எதுவாக அனுப்புவது? எழுத்தாகவா, உள்ளது உள்ளபடியா? 'எழுத்து' என்று சொன்னால், ஒரு கணினியின் வரி முடிவை மற்றக் கணினிக்கு ஏற்ப மாற்றிக் கொடுக்கும். வெறும் ஆங்கில எழுத்துக்கு அது நல்லது. ஒரு படத்தை அப்படி அனுப்பினால் படம் பாழ். உள்ளது உள்ளபடி அனுப்ப 'பைனரி' என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் தமிழ் பட்ட கஷ்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஆஸ்கி என்ற பழைய எழுத்துப் பட்டியலில் இருந்தது 128 இடம். ஆங்கிலம் அதில் அடங்கிவிட்டது. தமிழுக்கு அங்கே இடமில்லை. நம்மவர்கள் அடுத்த 128 இடங்களில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்தார்கள். நம் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985-இலேயே 'முரசு' என்ற தமிழ் மென்பொருளைத் தந்தார். ஆனால் அன்றைய மின்னஞ்சல் வழிகள் பலவற்றில் முதல் 128 மட்டுமே தாண்டிப் போகும். அந்த வழியில் போன தமிழ், எழுத்து சிதைந்துபோய்ச் சேரும். ஆகவே கோப்பை ஆங்கில எழுத்துகளுக்குள் மூட்டையாகக் கட்டி அனுப்பி, அந்தப் பக்கத்தில் அவிழ்த்துப் படித்தார்கள். அது போதாதென்று, ஒவ்வோர் எழுத்துரு செய்தவரும் ஒவ்வோர் இடத்தில் எழுத்தை வைத்திருந்தார். அனுப்பியவரிடம் இருந்த எழுத்துரு பெற்றவரிடம் இல்லையென்றால், 'அம்மா' என்று எழுதியது ஏதோ கிறுக்கலாகத் தெரியும்.

அப்படியும் நம்மவர்கள் விடவில்லை. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 'மதுரைத் திட்டம்' தொடங்கினார். பல நாடுகளில் உள்ள தமிழர்கள் சம்பளம் வாங்காமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். ஒருவர் அடித்ததை இன்னொரு நாட்டில் இருப்பவர் பிழை திருத்தினார். கோப்பு போய் வந்து, போய் வந்து, நம் இலக்கியங்கள் கணினியில் ஏறின. எழுத்துக் குழப்பத்தைத் தீர்க்க, சிங்கப்பூரிலும் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. 2001 ஆகஸ்டில் அந்த மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. இன்று உலகம் முழுவதும் யூனிகோட் என்ற ஒரே பட்டியல். அதில் தமிழுக்குத் தனி இடம். வழக்கமாகச் சேமிக்கும் முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். 'அம்மா' என்ற சொல்லில் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று ஐந்து குறி. ஆக 15 பைட். நம் அம்மா கொஞ்சம் கனமானவள்தான். ஆனால் இப்போது எந்த நாட்டுக்குப் போனாலும் அம்மாவாகவே போய்ச் சேருகிறாள்.

அபய் பூஷண் காலத்து முறையில் ஒரு குறை இருந்தது. கடவுச்சொல்லும் கோப்பும் மூடாத தபால் அட்டை மாதிரி போகும். வழியில் இருப்பவன் படித்துவிடலாம். 1995-இல் பின்லாந்தில், ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் யாரோ புகுந்து கடவுச்சொற்களைத் திருடிவிட்டார்கள். அங்கிருந்த தாது யூலோனன் என்பவர், எல்லாவற்றையும் பூட்டி அனுப்பும் 'எஸ்.எஸ்.எச்.' என்ற முறையை எழுதினார். லயத்து வீடுகளுக்கு எண் இருப்பதுபோல் கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு கதவு எண் உண்டு. எஃப்.டி.பி.க்கு 21. அந்நாளைய டெல்நெட்டுக்கு 23. நடுவில் 22 காலியாக இருந்தது. அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் சொன்ன 'எஸ்.சி.பி.' அந்த 22-ஆம் கதவு வழியாகத்தான் போகிறது. உங்கள் குடும்ப விவரம் உள்ள பதிவேட்டை நாங்கள் அந்த வழியில் மட்டும் அனுப்புவதற்குக் காரணமும் அதுதான்.

சரி, அனுப்பியாயிற்று. போய்ச் சேர்ந்ததா?

பெற்றோர்களே, இது உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டிய பாடம் இல்லை. பால் மரம் வெட்டிய காலத்தில், வாளியைக் கிராணியிடம் கொடுத்துவிட்டு அப்படியே திரும்பி வந்தீர்களா? தராசு முள்ளைப் பார்த்துவிட்டுத்தானே வந்தீர்கள்? கோப்புக்கும் தராசு உண்டு. முதலில் அளவைப் பாருங்கள். இங்கே இத்தனை பைட், அங்கேயும் அத்தனையா? அதைவிடக் கூர்மையான தராசு 'ஷா-256'. எவ்வளவு பெரிய கோப்பானாலும் அதைக் கணக்குப் போட்டு 64 எழுத்தில் ஒரு முத்திரை கொடுக்கும். கோப்பில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் முத்திரை முழுவதும் மாறிவிடும். இரண்டு கணினியிலும் முத்திரை ஒன்றாக இருந்தால், கோப்பு முழுதாகப் போய்ச் சேர்ந்தது என்று நிம்மதியாகத் தூங்கலாம்.

என் தவற்றைக் கேட்டுவிட்டு அந்த முன்னாள் மாணவர் சிரிக்கவில்லை. 'ஆர்சிங்க்' என்ற இன்னொரு கட்டளையைக் கற்றுக்கொடுத்தார். 1996-இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கரஸ் என்ற இருவர் செய்தது. மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். 'அங்கே இருப்பது புதியதாக இருந்தால் தொடாதே' என்றும் அதனிடம் சொல்லி வைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் ஒத்திகை உண்டு. 'உண்மையில் செய்யாதே, என்ன செய்வாய் என்று மட்டும் காட்டு' என்றால் பட்டியலைக் காட்டும். இன்று மேடையில் ஆடிய பிள்ளைகள் எத்தனை நாள் ஒத்திகை பார்த்தீர்கள்? ஒரு நடனத்துக்கே அத்தனை ஒத்திகை என்றால், நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பெயருக்கு ஓர் ஒத்திகை வேண்டாமா?

கணினி இல்லாத வீட்டுக்கும் இதில் பாடம் உண்டு. பிறப்புப் பத்திரத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால், அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். சிறிய எழுத்து மங்கிவிடும். அதையே 'ஆவணம்' என்று தேர்ந்து அனுப்பினால் உள்ளபடி போகும். அனுப்பிய பிறகு, "சேர்ந்துச்சா? எழுத்துத் தெளிவா தெரியுதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்னொன்று. வாழைக்குலையை ஒருவருக்கு அனுப்பினால் நம் வீட்டில் குலை இல்லை. கோப்பு அப்படியில்லை. அனுப்பினாலும் நம்மிடம் இருக்கிறது. இந்த வசதி இருந்தும் ஒரே படியை வைத்துக்கொண்டு இழப்பது நம்முடைய சோம்பல்தான். இப்போது நம் பதிவேட்டுக்கு மூன்று படி இருக்கிறது. நூலகத்தில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று, தலைமையாசிரியரின் பூட்டிய அலமாரியில் ஒரு தனி வட்டில் ஒன்று. காகிதப் புத்தகத்தையும் வெயிலில் காயவைத்து, துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தியிருக்கிறோம்.

மறுபடியும் அடித்து முடித்த பிறகு, அந்த மூதாட்டி சொன்ன பெயரைத் தேடினோம். வரவில்லை. தகப்பனார் பெயரைப் போட்டுத் தேடினோம். வந்தது. பையனுக்கு வீட்டில் கூப்பிட்ட செல்லப் பெயரையே அன்றைய ஆசிரியர் எழுதி வைத்திருந்தார். அதனால்தான் முதல் நாள் கண்ணில் படவில்லை. தலைமையாசிரியர் கையெழுத்திட்டு, முத்திரை வைத்துக் கொடுத்தார். அந்த அம்மா காகிதத்தைக் கையில் வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் அந்த வரியின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். "இதுதானா டீச்சர்?" என்றார். "இதுதாம்மா" என்றேன். அந்த ஒரு காகிதத்தால் மட்டும் எல்லாம் முடிந்துவிடாது. அவர் தம்பி இன்னும் மனுவோடு காத்திருக்கிறார். ஆனால் கையில் ஒரு சாட்சி இருக்கிறது.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு வாங்கிய உங்கள் பெயரும் நாளை ஒரு கோப்பில்தான் இருக்கப்போகிறது. கட்டளையை எழுதும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எங்கிருந்து? எங்கே? எதுவாக? எழுதிய பிறகு நான்காவது கேள்வியைக் கேளுங்கள்: போய்ச் சேர்ந்ததா? இந்த நான்காவது கேள்வியைக் கேட்கிறவரிடம்தான் ஊரார் தங்கள் பெயரை நம்பி ஒப்படைப்பார்கள்.

என் தவற்றை மன்னித்து மறுபடியும் விசைப்பலகையில் உட்கார்ந்த அந்த இரண்டு பெற்றோருக்கும் இந்த மேடையில் தலைவணங்குகிறேன்.